ஓடுவதற்கு ஏரிக்கரையைக் கொடுங்கள்

தையல்காரனிடம் ஊரின் இடுப்பளவு எழுத்தில் இருக்கும். என் கடையில் பழைய அளவு நோட்டுகளை நான் எடைக்குப் போடுவதில்லை. கல்யாணத்துக்கு 30 இஞ்சு இடுப்பில் பேண்ட் தைத்துக்கொண்டு போனவர், மகள் கல்யாணத்துக்கு அளவு கொடுக்க வரும்போது டேப் 38-ஐத் தாண்டுகிறது. அவருடைய பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் சிரிக்கிறார். பிறகு, “உள்ள ரெண்டு இஞ்சு துணி வுட்டுத் தை டெய்லரே, அப்பறம் பிரிச்சிக்கலாம்” என்கிறார். பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு அம்மாக்கள் இப்படிச் சொல்வார்கள், பிள்ளை வளருமே என்று. இப்போது ஐம்பது வயதுக்காரர்கள் சொல்கிறார்கள்.

நான் இருப்பது செஞ்சிப் பக்கம் தொண்டூர். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. பாடுபடுகிற ஊருக்கு நடையும் ஓட்டமும் எதற்கு என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால். இன்றைக்கு உழுவது டிராக்டர், அறுப்பது மெஷின், கொல்லைக்குப் போவது எக்ஸ்எல் வண்டியில். குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை மிச்சமிருப்பது களையெடுப்பிலும் மல்லாட்டை பிடுங்குவதிலும். அதுவும் பெரும்பாலும் பெண்கள் தலையில். ஆண்கள் வரப்பில் நின்று போன் பேசுகிறோம். நானோ அதைவிட மோசம். முன்பு காலால் மிதித்த மெஷினுக்கும் மோட்டார் போட்டுவிட்டேன். கால் கட்டைவிரல் லேசாக அழுத்தினால் போதும், நாளெல்லாம் ஓடும்.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. பெரியவர்களில் 11.4 சதவீதம். அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, மாத்திரைப் பையோடு வீடு வீடாக வருகிற பெண்மணி எந்தெந்த வீட்டு வாசலில் நிற்கிறார் என்று கடையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலிலும் நிற்கிறார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை சலித்துப்போய் ஒருநாள் மெல்ல ஓடிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. ஓடினால் சர்க்கரை ஓடிப்போகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மாத்திரை இன்னும் போடுகிறேன். ஆனால் கடையை மூடும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது நின்றது, ராத்திரி தூக்கம் வந்தது. எனக்கு அது போதும். வேகமெல்லாம் கிடையாது, பால் கேனோடு சைக்கிளில் போகிற பெரியவர் என்னைத் தாண்டிப் போவார்.

எங்கள் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவன் என்றால் போலீஸ் வேலைக்கோ பட்டாளத்துக்கோ தயாராகிறவன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடித்தால்தான் போலீஸ் தேர்வில் அடுத்த கட்டம். அந்தப் பையன்கள் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்து ஓடுவார்கள். அவர்களுக்கு நடுவில் நரைத்த மீசையோடு நான். “இன்னா பெரிப்பா, உங்களுக்கு எந்த செலக்‌ஷன்?” என்று கேட்டான் ஒருவன். அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். வேலை கிடைத்ததும் அவன் ஓட்டத்தை நிறுத்திவிடுவான் என்பது எனக்குத் தெரியும். சில வருஷம் கழித்து பேண்ட் பிரிக்க என்னிடமே வருவான்.

உடை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, என் தொழில் அது. ஊரில் என் வயதுக்காரன் தொடை தெரிய டவுசர் போட்டு ஓட முடியாது. லுங்கியை மடித்துக் கட்டி ஓடினால் நாலு எட்டில் அவிழும். கடையில் வாங்குகிற டிராக் பேண்ட் வியர்வையில் காலோடு ஒட்டும். ஆகவே நானே ஒன்று தைத்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற நீளம், பக்கவாட்டில் கொஞ்சம் பிளவு, இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும், பின்பக்கம் சாவிக்கு ஒரு சின்னப் பாக்கெட். தொடையின் உட்பக்கம் தையல் வராதபடி வெட்ட வேண்டும்; அந்தத் தையல்தான் நீண்ட ஓட்டத்தில் தோலை அறுக்கும். கவட்டியில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சேரக் கூடாது, அதற்கு ஒரு சாய்சதுரத் துண்டு வைக்க வேண்டும். ஷூ மட்டும் பாண்டிச்சேரியில் வாங்கினேன். அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இனி ரோட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

வெயில் ஏறினால் இங்கே ஓட முடியாது. ஆகவே இருட்டில்தான் கிளம்ப வேண்டும். ரோட்டின் ஓரம் அறுவடைக் காலத்தில் நெல் காயும். அதன்மேல் தார்ப்பாய், தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாறாங்கல். மீதி ரோட்டில் கரும்பு டிராக்டர். பின்னால் இரண்டு டிரெய்லர், ஒன்றிலும் சிவப்பு விளக்கு இருக்காது. எதிரே ஒற்றை விளக்கு வருகிறது, பைக் என்று நினைத்து ஒரு முழம் ஒதுங்குவோம். பக்கத்தில் வந்த பிறகுதான் அது ஒரு கண் அவிந்த டிராக்டர் என்று தெரியும். நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி போவதுதான் பாதுகாப்பு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பழக்கத்தில் இடது ஓரம் போகிறார்கள். பின்னால் வருகிற சாவு கண்ணுக்குத் தெரியாது.

ஃபௌஜா சிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் கிராமத்து விவசாயி. மனைவியும் மகனும் போன துக்கத்தில் லண்டனில் ஓட ஆரம்பித்து, 2000-ல், 89 வயதில், முதல் மாரத்தானை முடித்தார். 2011-ல் டொராண்டோவில் ஓடியபோது வயது 100. அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது, அதனால் கின்னஸ்காரர்கள் அந்தச் சாதனையை ஏற்கவில்லை. லண்டன், நியூயார்க் வீதிகளிலெல்லாம் 42 கிலோமீட்டர் ஓடிய மனிதர், 2025 ஜூலை 14 அன்று சொந்த ஊருக்குப் பக்கத்தில் ரோட்டோரம் கார் மோதி இறந்தார். 114 வயது வரை எந்த நோயும் சாய்க்காத உடம்பு. பெரிய நகரங்களில் மாரத்தானுக்கென்று ரோட்டை மூடிவிடுவார்கள். கிராமத்து ரோட்டை யார் மூடுவார்கள்?

2022-ல் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் 32,825 பேர் பாதசாரிகள். வண்டியே ஓட்டாதவர்கள்.

இந்தப் பக்கத்து ரோடுகள் காலுக்குப் புதிதல்ல. எங்கள் தொண்டூர் மலையில் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன. அவர்கள் நடந்தே வந்தவர்கள். இன்றும் சமணத் துறவிகள் வண்டி ஏற மாட்டார்கள். மேல்சித்தாமூர் மடத்துக்கும் திருநாதர்குன்றுக்கும் வெறுங்காலோடுதான் போவார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு நடக்கிறவர்கள், தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடக்கிறவர்கள் என்று வருஷம் முழுக்கக் கால்கள் இந்த ரோடுகளில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். அதை நடந்துவிட்டு அதன்மேல் 14 கிலோமீட்டர் கிரிவலமும் சுற்றுகிற பாட்டிகளை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் தங்களை விளையாட்டு வீராங்கனை என்று நினைத்துக்கொள்வதில்லை. ரோட்டை அகலப்படுத்துகிறபோதெல்லாம் இவர்கள் கால் வைக்கிற மண் ஓரம்தான் முதலில் போகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் வந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியனே விபத்தில் அடிபட்ட காலோடு மாரத்தான்களை ஓடி முடித்தவர். அவருக்கு இதன் அருமை தெரிந்திருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் நான் நடப்பதற்காகப் பஸ் மாறிப் போக வேண்டும். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 12,525 ஊராட்சிகளுக்கும் என்று அறிவித்தார்கள். மட்டையும் பந்தும் இளவட்டங்களுக்கு. நல்லதுதான். ஐம்பது வயதுக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டை வேண்டாம். இடறாத தரை வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்கலாமே என்பார்கள். கேட்டிருக்கிறேன், ஒரு பள்ளியில். கேட்டைத் திறந்தால் சாராய பாட்டில் வந்துவிடும் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கண்ணாடிச் சில்லைப் பொறுக்குவது அவர்கள்தான். அந்தச் சண்டையை நான் வளர்க்க விரும்பவில்லை.

நான் கேட்பது ஏரிக்கரை. எங்கள் ஏரியின் தண்ணீர் தொண்டியாறாகி வீடூர் அணைப் பக்கம் போய்ச் சேருகிறது. அதன் கரை போல நீளமாக, மேடாக, வண்டி வராத வேறு இடம் ஊரில் கிடையாது. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல; விழுப்புரம் மாவட்டத்தில் ஏரி இல்லாத ஊரைத் தேட வேண்டும். கரைமேல் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது, அதுதான் பிரச்சினை. முள்ளை வெட்டி, குழியை மூடி, கிராவல் கொட்டி உருளை விட்டால் முடிந்தது. டைல்ஸ் வேண்டாம், கான்கிரீட் வேண்டாம், பெயர் பொறித்த வளைவு அறவே வேண்டாம். மதகுப் பக்கம் ஒன்று, கலங்கல் பக்கம் ஒன்று என்று இரண்டு சோலார் விளக்கு போதும். கரை பலவீனமாகிவிடும் என்று பொறியாளர்கள் சொல்லலாம். கரையைப் பலவீனமாக்குவது காலடியா, வேர்விட்ட முள்ளும் எலி வளையுமா என்று அவர்களே சொல்லட்டும். தினம் ஆள் நடக்கிற கரையில் உடைப்பு விழுந்தால் விடிவதற்குள் ஊருக்குச் சேதி வந்துவிடும். மழைக் காலத்தில் கரை ஊறியிருக்கும் மாதங்களில் மூடிக்கொள்ளட்டும், நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

பெண்களுக்கு இது இன்னும் அவசியம். என் மனைவிக்கும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மொட்டை மாடியில் வடகக் கொடிக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவே சுற்றுகிறார். தலை சுற்றுகிறது என்று பாதியில் இறங்கி வந்துவிடுவார்.

மண் பாதையின் சுகத்தை நான் ஆரோவில்லில் பார்த்தேன். அதுவும் எங்கள் மாவட்டம்தான். 2008 முதல் பிப்ரவரியில் அங்கே மாரத்தான் நடக்கிறது. காட்டுக்குள் செம்மண் தடம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. வந்தவர்களின் உடைகளைத்தான் நான் பாதி நேரம் பார்த்தேன். தட்டையாகத் தைத்த தையல், வலைத்துணி, எடையே இல்லை. மீதி நேரம் தரையைப் பார்த்தபடி ஓடினேன். முழங்கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தார் ரோட்டில் அதில் பாதி தூரத்துக்கே புலம்புகிற முழங்கால் அது.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. சேர்த்து அங்கீகாரம் பெற்ற பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி யாராவது கோட்டை மாரத்தான் வைப்பார்கள். சென்னையிலிருந்து கார்கள் வரும், கலர் டி-ஷர்ட்டுக்கான ஆர்டர் திருப்பூருக்குப் போகும், எனக்கு வராது. வைக்கட்டும், நானும் ஓடுவேன். ஆனால் அந்த ஒருநாள் மூடுகிற ரோடு மறுநாள் திறந்துவிடும்.

ஏரிக்கரை வரும்வரை என்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மின்னுகிற ரிஃப்ளெக்டர் பட்டியைத் திண்டிவனத்தில் லாரி ஸ்பேர்ஸ் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி வருகிறேன். ஒட்டுகிற ரகம் கூடாது, பசை ஊசியில் அப்பி நூல் அறும். துணி முதுகுள்ள ரகமாகக் கேட்க வேண்டும். முதுகில் வைப்பதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் வைப்பது நல்லது. அசைகிற இடம் மின்னினால்தான் டிரைவருக்கு அது கம்பமில்லை, ஆள் என்று சட்டெனப் புரியும். போலீஸ் பையன்கள் சிலர் வைத்துக்கொண்டார்கள். ஒரு கரும்பு டிராக்டர்காரர் தார்ப்பாயின் ஓரத்தில் வைக்கச் சொல்லி வாங்கிப் போனார். பேண்டோ, பாவாடையோ, புடவைக்குள் கட்டுகிற பட்டியோ, எதைக் கொண்டுவந்தாலும் தைத்துத் தருகிறேன். பட்டியின் விலை மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் மட்டும் வராதீர்கள்.