மாமியின் சர்க்கரையும் கப்பல் பயணமும்



அயனம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியுள்ளார். கணவர், பிள்ளைகள், அறுபத்திரண்டு வயதான மாமி ஆகியோருடன் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் ஏற எண்ணியுள்ளார். மாமிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பயணக் காப்பீடு எடுத்துத் தரும் முகவரோ, "படிவத்தில் சர்க்கரையை எழுதாதீர்கள், கட்டணம் கூடும்" என்கிறாராம். அவ்வாறு செய்யலாமா, எந்தக் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது என்று சகோதரி கேட்கிறார்.

ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன பெரியவர்கள் நம் குடும்பங்களில் பலர். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. இன்று அதே கடலில் அவர்களின் பேரப்பிள்ளைகள் உல்லாசமாகப் பயணம் செய்கிறார்கள். ஆயினும் நடுக்கடலில் நோய் கண்டால் கரை தொலைவில்தான் இருக்கிறது.

அயனம்பாக்கத்தில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், ஆட்டோ பிடித்து அம்பத்தூரிலோ வானகரத்திலோ ஒரு மருத்துவமனையை அடைந்துவிடலாம். கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவ அறையும் உண்டு. ஆனால் அது இலவசமன்று; கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நோய் முற்றினால் நோயாளியை அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். அவசரமானால் ஹெலிகாப்டர் வரவேண்டும். அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கக் கூடியது. உள்ளூரில் நாம் வைத்திருக்கும் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளுக்கே உரியது என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, பத்திரத்தை வாங்குமுன் முகவரிடம் இவற்றைக் கேளுங்கள். கப்பலில் பெறும் சிகிச்சைக்குப் பணம் உண்டா? கப்பலிலிருந்து கரைக்கும், அங்கிருந்து தாயகத்திற்கும் நோயாளியைக் கொண்டுவரும் செலவு அடங்குமா, எவ்வளவு வரை? ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசர நிலைக்குப் பொறுப்பேற்பார்களா? விமானம் தாமதித்துக் கப்பலைத் தவறவிட்டால் என்ன கிடைக்கும்? வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், பத்திரத்தில் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டச் சொல்லுங்கள். கப்பல் திரும்பும் நாளுக்கு மேலும் இரண்டொரு நாள் சேர்த்தே எடுங்கள்.

கப்பல் தன் பாதையை மாற்றிக்கொண்டால் எல்லாப் பத்திரமும் ஈடு தராது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று, புதுச்சேரிக் கடற்கரையை நெருங்கியும் அனுமதி கிடைக்காததால் பயணிகளை இறக்காமலே திரும்பியது. இத்தகைய ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளலாம். மருத்துவச் செலவைத் தாங்க முடியாது. ஆதலால் முதல் கவனம் அதன் மீதே இருக்கட்டும்.

இனி மறைக்கலாமா என்ற வினாவுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அறிந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் இருந்தும், நலமாக இருப்பதாக எழுதிக்கொடுத்த ஒருவரின் மருத்துவக் காப்பீட்டுத் தொகையை நிறுவனம் மறுத்தது. அது சரியே என்று 2009-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றொருவர் பயணக் காப்பீட்டுப் படிவத்தில் தமக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று எழுதியவர். 2009-இல் அமெரிக்கா சென்றபோது சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே உடல்நலம் குன்றி, இதயக் குழாய்களில் மூன்று ஸ்டென்ட் வைக்கப்பட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. நோயை அறிந்து பத்திரம் கொடுத்துவிட்டுப் பின்னர் அதையே காரணம் காட்டி மறுக்கலாகாது என்று 2021 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நீண்ட வழக்கில் அவரைக் காப்பாற்றியது அவர் எழுதிய அந்த உண்மையே.

சகோதரியே, முகவர் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்வது சில நூறோ சில ஆயிரமோதான். கையெழுத்து உங்கள் குடும்பத்தினுடையது, பின்விளைவும் உங்களுடையதே. மாமி உண்ணும் மாத்திரைகளின் பெயரைக்கூட விடாமல் எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் வேறொன்றை நாடுங்கள். எவரும் ஏற்காவிடில், மாமியைக் கடலுக்கு அழைத்துச் செல்வதையே மறுபரிசீலனை செய்யுங்கள்.

பணம் தர நியாயமின்றி மறுத்தால், சென்னைத் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்ற ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் பொய் எழுதலாமா என்பதற்கு எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.