கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்குக் கூடுதல் நேரம்?



பள்ளி திறந்து சில வாரங்கள் ஆனதும் பெற்றோரிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். “பையன் கெட்டிக்காரனுங்க. வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றான். எழுதச் சொன்னாத்தான் பாதிப் பக்கத்துல நின்னுக்கறான்.” பள்ளியில் விசாரித்தால் சோம்பேறி என்பார்கள், வீட்டில் செல்லம் அதிகம் என்பார்கள். எழுத்துகளைப் பிடிபடாமல் செய்யும் டிஸ்லெக்சியாவோ, எழுதுவதையே பாரமாக்கும் டிஸ்கிராஃபியாவோ காரணமாக இருக்கலாம் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அறிவே சங்கடம். வாசிக்க முடியாத வரியை ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். வகுப்பில் காதில் விழுந்ததை வைத்தே 60 மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நீங்கள் போய்த் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால், “அதான் பாஸ் பண்றானே, அப்புறம் எதுக்குங்க?” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 90 வாங்க வேண்டிய பிள்ளை 60 வாங்குவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. நாமக்கல், ராசிபுரம் உறைவிடப் பள்ளிகளைப் பார்த்து ஒற்றை மதிப்பெண்ணுக்கும் உயிரை விடப் பழகிய ஊர் நம்முடையது. அந்த 30 மதிப்பெண்ணை மட்டும் எப்படித்தான் மனசார விட்டுக்கொடுக்கிறோமோ!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தரும் கடமை, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் உண்டு.

“40 சதவீதம் இருந்தாத்தான் தருவோம்” என்பது அடுத்த தடுப்பு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் சிக்கல் உள்ள விகாஷ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டபோது, அவருக்கும் இந்தக் கணக்கைத்தான் காட்டினார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கான அளவு. எழுத ஓர் ஆள் கேட்பவரை அதைக் கொண்டு தடுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் இருந்தும் கைக்கு எட்டாமல் போவதும் உண்டு. டிஸ்கிராஃபியா உள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு 2021 நீட் தேர்வில் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் கொடுக்கவில்லை. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அநீதி என்றது, பரிகாரம் தேடச் சொன்னது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. தேர்வறையில் போய் வாதாட முடியாது. அதற்கு முன்பே எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

நம் கோவைக்காரர் ரஞ்சித்தை நினைத்துக்கொள்கிறேன். செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த அவர், 2022 மே மாதம் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவில் 750ஆம் இடம் பெற்றார். அவருடைய தாயார் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அம்மா இருக்க முடியாது. அந்த இடத்தைப் பள்ளிதான் நிரப்பியாக வேண்டும். சிறப்பாசிரியர்களை உருவாக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் நம் கோவைப் பெரியநாயக்கன்பாளையத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

பொதுத்தேர்வுச் சலுகைக்கு மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் வேலைக்கு ஆகாது. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகம் வந்த வகுப்பிலேயே தொடங்குங்கள். பிள்ளை எதில் சூட்டிகை, எங்கே திணறுகிறது, என்ன வசதி வேண்டும் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். திணறலை மட்டும் எழுதினால் கீழ் வகுப்பில் உட்காரவைக்கப் பார்ப்பார்கள்.

கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். “அதெல்லாம் எதுக்குங்க, நாங்க பாத்துக்கறோம்” என்பார்கள். சிரித்துக்கொண்டே, “இருக்கட்டுங்க சார்” என்று நகலை நீட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்