வரப்போரத்து இலந்தைக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

மராத்வாடாவில் விவசாயக் கடன் பார்க்கும் யாரிடமாவது பழத்தோட்டம் என்று பேச்செடுத்துப் பாருங்கள். ஜால்னா பக்கம் என்றால் மோசம்பி (நம்ம சாத்துக்குடிதான்), இன்னும் தெற்கே சோலாப்பூர் போனால் மாதுளை என்பார்கள். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. வங்கிகளில் இரண்டுக்கும் மரியாதை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வானம் பொய்க்கும் இந்த மண்ணில், நம் கடன் முறை தப்பான மரத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

பி.காம். படித்தவன் கணக்கில் இருந்துதான் ஆரம்பிப்பேன். சாத்துக்குடியை ஆறுக்கு ஆறு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 மரம். மே மாத வெயிலில் வளர்ந்த மரத்துக்குச் சொட்டு நீர் போட்டாலும் தினம் நூறு லிட்டர் என்று வையுங்கள். 11,000 லிட்டர். அதாவது ஏக்கருக்குத் தினம் ஒரு டேங்கர் லாரி. 2012-13 வறட்சியில் ஜால்னாவில் இப்படித்தான் காசு கொடுத்து டேங்கர் வாங்கி ஊற்றினார்கள். அதுவும் முடியாமல் போனபோது காய்ந்த மரங்களை வெட்டி விறகுக்குப் போட்டார்கள். பலன் தரவே ஐந்து வருஷம் எடுத்துக்கொள்ளும் மரம். காய்க்கத் தொடங்கும் நேரத்தில் கிணறு வற்றினால் போனது அந்த வருஷத்து மகசூல் மட்டுமில்லை, போட்ட ஐந்து வருஷமும்தான். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது அந்தப் பருவத்துக் காய்க்குத்தான், மரத்துக்கு இல்லை.

இப்போது வரப்புப் பக்கம் வாருங்கள். மராத்தியில் இலந்தைக்கு 'போர்' என்று பெயர். ஆழ்துளைக் கிணற்றுக்கும் இங்கே 'போர்'தான். "சாகேப், வயல்ல ரெண்டு போர் இருக்கு" என்று சொன்னால் வந்த புதிதில் எது என்று குழம்புவேன் :-) மே மாதம் போய்ப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வற்றியிருப்பது ஒன்று, இலை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பது இன்னொன்று.

அந்தச் சும்மா நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது. இலந்தை கோடையில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். மழையில் துளிர்த்து, பூத்து, மார்கழி தையில் பழுக்கும். சீதாப்பழமும் அப்படியே. ஜூன் மழைக்குப் பூக்கும், ஐப்பசியில் பழம். தண்ணீர் இல்லாத மாதங்களில் தண்ணீர் கேட்காத மரங்கள். சாத்துக்குடி வருஷம் பூரா பச்சை, அதனால் மே மாதத்திலும் குடித்தாக வேண்டும். போதாக்குறைக்கு இங்கே கீழே இருப்பது கருங்கல் பாறை. பாறையின் வெடிப்புகளில் நிற்கிற தண்ணீர்தான் நிலத்தடி நீர். பக்கத்து வயல்காரர் இன்னும் ஆழமாகத் துளைத்தால் உங்கள் பங்கும் அவருக்குப் போய்விடும்.

பீட் மாவட்டத்தில் ஒரு வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு ஏக்கர் மோசம்பி, 2019 கோடையில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. அந்த ஊரில் பல குடும்பங்கள் தீபாவளி கழிந்ததும் மேற்கு மகாராஷ்டிரத்துக்குக் கரும்பு வெட்டப் போகும். இவர்களும் போனார்கள். போவதற்கு முன் வரப்பிலும் பின்னால் குன்றுச் சரிவிலும் தானாக முளைத்திருந்த சீதாப்பழத்தைப் பறித்து விற்று வழிச்செலவைப் பார்த்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளோடு ஆஜி (பாட்டி) மட்டும் வீட்டில். இலந்தை பழுக்கிற காலம் அது. சங்கராந்திக்குச் சின்னக் குழந்தைகள் தலையில் இலந்தையும் கரும்புத் துண்டும் கொட்டி 'போர்நஹாண்' என்று கொண்டாடுவார்கள், அதனால் அந்த வாரம் நல்ல கிராக்கி. மிச்சத்தைக் காயவைத்து இடித்து உப்புக்காரம் சேர்த்தால் 'போர்கூட்', பள்ளிக்கூட வாசலில் விற்கும். (நம்ம இலந்தை வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி.) வயலுக்குள் நட்டது கடனைக் கொண்டுவந்தது, வரப்பில் கிடந்தது ரேஷன் போக மிச்ச மளிகையைக் கொண்டுவந்தது என்று ஆஜி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்க்கேள்வி நியாயமானது. இலந்தை விற்று யார் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணியிருக்கிறார்கள்? நல்ல வருஷத்து மோசம்பி லட்சத்தில் கொடுக்கும், இது சில்லறை. உண்மைதான். ஆனால் சில்லறையாகவே இருப்பதற்கு மரம் காரணமில்லை. சீதாப்பழம் பறித்த இரண்டு மூன்று நாளில் கனிந்து குழைந்துவிடும். கூழை எடுத்துக் காய்ச்சி ஜாம் பண்ணலாம் என்றால் சூடு பட்டதும் கசக்கும். உறைய வைத்தால்தான் ஐஸ்கிரீமுக்கும் பாசுந்திக்கும் போகும். ஆகவே அங்கே தேவை ஓர் உறைபதனப் பெட்டி, நிற்காத மின்சாரம், பழம் பொறுக்கும் பெண்களின் ஒரு குழு. இன்னொரு போர் போடுகிற செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அரசாங்கத்துக்கு இது தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். 1990-லேயே மகாராஷ்டிரம் வேலை உறுதித் திட்டத்தோடு பழமர நடவைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இலந்தை, சீதா, நெல்லி, புளி எல்லாம் இருந்தன. 2016-ல் கேட்டவர்க்கெல்லாம் பண்ணைக்குட்டை என்று வந்த திட்டமும் நல்ல எண்ணம்தான், மழைத்தண்ணீர் பிடிக்க. நடந்தது என்ன? பல இடத்தில் பிளாஸ்டிக் விரித்து, போர் தண்ணீரை மேலே ஏற்றி நிரப்பி, வெயிலுக்குக் கொடுத்தார்கள்.

சீதாவும் இப்போது வரப்பை விட்டு வயலுக்குள் வருகிறது. பார்சியில் உருவான பெரிய பழ ரகத்தை ஏக்கர் கணக்கில் நடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் முன்கூட்டியே பூக்கவைக்கக் கோடையில் தண்ணீர் விட ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு மோசம்பி ஆகிவிடும்.

எனக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் 'நீர் ஆதாரம்: கிணறு / போர்' என்று டிக் அடிக்கிற இடத்தில், 'போன மே 15-ம் தேதி எத்தனை மணி நேரம் ஓடியது?' என்று ஒரு வரி. அப்புறம் வரப்பு மரத்துக்கு ஒரு வழி. கடன் அளவு ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் மாவட்டக் குழு நிர்ணயிக்கிறது. வரப்புக்கு ஏது ஏக்கர்? காட்டிலந்தையை மே மாதம் வெட்டிவிட்டு, ஜூன் ஜூலையில் வரும் துளிரில் உம்ரான் மாதிரி ரகத்தை மொட்டு ஒட்டினால் புதிதாக நடாமலே பெரிய பழம் வரும், வேர் ஏற்கனவே ஆழத்தில் இருக்கிறதே. இருபது மரத்துக்கு ஒட்டுக்கட்டும் கூலி எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தேடினேன். 'இதர செலவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்த ஜூனுக்கு அதில்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.