உடல்நலப் பக்கம்: கூடாத எலும்பும் காரை மண்ணும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வாழ்வோருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் புதியனவல்ல. அச்சாலைகளில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால் எலும்பு முறிந்தோரும் நமக்குத் தெரிந்தவர்களே. அல்லாஹ்வின் அருளால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் எலும்பு கூடிவிடுகிறது. சிலருக்குக் கூடுவதில்லை. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் அறுவை மேல் அறுவையாகக் கரைகிறது. அப்போது டாக்டர், "இடைவெளியில் ஒரு பொருள் வைக்க வேண்டும்" என்கிறார். அது என்ன? ஹலாலானதா? குடும்பமே கலங்குகிறது.

அப்பொருள்களின் உறவினங்கள் உங்கள் காலடியிலேயே கிடக்கின்றன என்றால் வியப்பீர்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் களிமண்ணில் ஜிப்சமும் பாஸ்பேட் உருண்டைகளும் உண்டு; அடுத்துள்ள கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லில் பவளத்தின் எச்சங்கள் உண்டு. ஜிப்சத்தைச் சுட்டுப் பெறும் பாரிஸ் சாந்தைக் கொண்டு எலும்புக் குழிகளை நிரப்பியதாக 1892இல் ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் எழுதினார். கடற்பவளத்தை எலும்பின் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டாக மாற்றும் முறை 1974இல் வெளிவந்தது. (காரைக் கல்லை அரைத்துப் பூசலாமோ என எவரும் எண்ணிவிட வேண்டாம்! மருத்துவமனையில் பயன்படுவது தூய்மையாக்கிக் கிருமி நீக்கப்பட்டது.)

ஆனால் இவையெல்லாம் கொத்தனார் கட்டும் சாரம் போன்றவையே. சாரம் நின்றால் போதுமா? வேலையாட்களை அழைக்க வேண்டாமா? அவ்வழைப்பு எலும்புக்குள்ளேயே ஒளிந்திருப்பதை 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அமிலத்தால் தாது நீக்கிய எலும்பை விலங்கின் தசைக்குள் அவர் புதைக்க, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு முளைத்தது. அதற்குக் காரணமான புரதங்களே பி.எம்.பி. எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை அமெரிக்க அரசு 2002இல் முதுகெலும்பு அறுவைக்கும், 2004இல் தோல் கிழிந்து முறிந்த கணைக்கால் எலும்புக்கும் அனுமதித்தது.

இப்புரதம் வெள்ளெலி இனத்தின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தயாரிக்கப்படுகிறது; மாட்டின் கொலாஜனால் ஆன பஞ்சில் நனைத்து வைக்கப்படுகிறது. (கொலாஜனின் முப்புரி அமைப்பை 1950களில் உலகுக்குச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் என்பது நமக்குப் பெருமை.) பன்றியிலிருந்து எடுக்கும் கொலாஜனும் மருத்துவப் பொருள்களில் உண்டு. ஆகவே, எதிலிருந்து செய்யப்பட்டது என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் தயங்காது கேளுங்கள். விவரத்தை எழுதி வாங்கி ஆலிம்களிடம் காட்டுங்கள். வேறு வழியற்ற நிர்ப்பந்தத்தின் சட்டம் என்ன என்பதை அவர்களே விளக்குவார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "என் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைக்க முடியாதா?" எடுத்த இடம் சில காலம் வலிக்கும், எடுக்கக்கூடிய அளவும் குறைவு. எனினும் அதில் தாது, புரதம், உயிரணு மூன்றும் உண்டு; ஹலால் குறித்த ஐயமும் இல்லை. எலும்பு மருத்துவர்கள் இன்றும் மற்றவற்றை அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். விலையுயர்ந்த புரதம் எல்லாருக்கும் ஏற்றதென்று எண்ணுவது தவறு. கழுத்தெலும்பு அறுவையில் அதை வைத்தபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008இல் அமெரிக்க அரசே எச்சரித்தது.

எதை வைத்தாலும், சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் புகைப்பவருக்கும் எலும்பு கூடத் தாமதமாகும். சிகரெட் மட்டுமல்ல, பீடியும் அதில் அடக்கம்.