சீட்டு எடுத்துத் தெரிந்துகொள்ளும் வாழ்வு



பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் போதகரின் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகிவிடும். "எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று ஜெபித்துச் சொல்லுங்கள், ஐயா" என்று பிள்ளையோடு வந்து நிற்கிறீர்கள். சிலர் மூன்று படிப்புகளின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி, மடித்து, ஜெபித்து, வீட்டின் கடைக்குட்டியை ஒன்றை எடுக்கச் சொல்கிறீர்கள். கையில் வந்ததைத் தேவசித்தம் என்கிறீர்கள்.

இவ்வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்களே என்பீர்கள். போட்டார்கள், ஆனால் அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. ஆவியானவர் அருளப்பட்ட பின்பு அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தியோகியாவில் உபவாசித்தார்கள், எருசலேமில் கூடி, நெடுநேரம் விவாதித்து முடிவெடுத்தார்கள். விசுவாசிக்குச் சிந்திக்கும் கடமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சபையில் ஒரு தம்பி இருந்தான். (அவனுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.) ஆலயத்து ஒலிபெருக்கி பழுதானால் அவனே கழற்றிச் சரிசெய்வான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி பெற விரும்பினான். பெற்றோர் எடுத்த சீட்டிலோ கணினிப் பொறியியல் வந்தது. அவன் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியவன் நான். ஒரு கேள்வியும் அவனிடம் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில் ஏழு அரியர்களோடு படிப்பை விட்டான். கல்விக்கடன் மட்டும் எஞ்சியது. "இது தேவசித்தம் என்றுதானே ஐயா சொன்னீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

வேலூரின் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மிஷனெரியாக மனமில்லாத இளம்பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் மரித்ததைக் கண்டு மனம் மாறினார். அந்த இரவைச் சொல்லிக் கண்கலங்குகிறோம். அதன் பின்வந்த ஆண்டுகளை விட்டுவிடுகிறோம். அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் பயின்று, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-ல் இந்தியா வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-ல்தான். அழைப்பு அயலாரின் தேவையில் கேட்டது. அதற்குக் கீழ்ப்படியத் திட்டமும் உழைப்பும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. திட்டமிடுவது அவிசுவாசம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாட்சி நேரத்தில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தவருக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். தச்சுவேலை கற்கச் சென்ற பிள்ளையை எவரும் முன்னே அழைப்பதில்லை. ஆசரிப்புக்கூடாரப் பணியில் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பொன்னையும் கல்லையும் மரத்தையும் வேலைசெய்யவே என்பது நமக்கு மறந்துபோயிற்று.

ஆகவே வரும் மே மாதத்தில் வாருங்கள், ஜெபிப்போம். அதற்கு முன்பு, பிள்ளை விரும்பும் தொழிலைச் செய்கிறவரிடம் அவனையோ அவளையோ ஒரு நாள் முழுதும் இருக்கச் செய்யுங்கள். கட்டணத்தையும் கடனையும் தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். என் வீட்டுக்கு வந்ததும் முதல் அரைமணி நேரம் பிள்ளையோடு மட்டும் பேசுவேன். பெற்றோர் திண்ணையில் காத்திருக்கலாம், தேநீர் உண்டு.