சதுர மீட்டரில் காய்க்காது கத்திரிக்காய்

'கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்' என்று ஒரு சொலவடை உண்டு. எந்த ரகசியமும் நிலைக்காது என்பதற்காகச் சொல்வது. இதை முதலில் சொன்னவர் ஒரு விஷயத்தைச் சந்தேகமே இல்லாமல் நம்பியிருக்கிறார். செடி இருந்தால் பூக்கும், பூத்தால் காய்க்கும், காய்த்தால் முற்றும். அவர் காலத்துக்கு அது சரி. அப்போது யாரும் கத்திரிச் செடியை பிளாஸ்டிக் கூரைக்குள் வைத்து, நாலு பக்கமும் வலை கட்டி வளர்க்கவில்லை.

இப்போது வளர்க்கச் சொல்கிறோம். வளர்ப்பதற்குப் பணமும் கொடுக்கிறோம். கொடுப்பது நீங்களும் நானும். வரி என்ற பெயரில்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் ஏக்கரில், அதாவது சுமார் 1,000 சதுர மீட்டரில், பசுமைக்குடில் போடுகிறார். மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014-ம் வருட வழிகாட்டி, இந்த அளவு குடிலுக்கு சதுர மீட்டருக்கு 935 ரூபாய் செலவு என்று கணக்குப் போட்டது. மொத்தம் 9,35,000 ரூபாய். அதில் பாதி, 4,67,500 ரூபாய், மானியம். ஒருவருக்கு 4,000 சதுர மீட்டர் வரைகூட உண்டு என்றது அந்த வழிகாட்டி. பிறகு தொகைகளைத் திருத்தினார்கள். ஆனால், கணக்குப் போடும் முறை அதேதான். குழாயை அளந்து, பிளாஸ்டிக்கை அளந்து, சதுர மீட்டரால் பெருக்குவது.

நம்ம ஆள் மீதிப் பணத்துக்குக் கடன் வாங்குகிறார். கத்திரி நாற்று நடுகிறார். செடி இடுப்பு உயரம் வளர்கிறது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. ஊதா ஊதாவாகப் பூ. பார்க்கிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பூவெல்லாம் தரையில் கிடக்கிறது.

"செடி நல்லா வருது சார். பூவும் கொட்டிக் கிடக்குது. பிஞ்சு மட்டும் நிக்க மாட்டேங்குது."

இந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு வாய்க்கும் முதல் காது பெரும்பாலும் மருந்துக்கடைக்காரருடையது. "இந்த டானிக்கை அடிங்க, நிக்கும்" என்பார் அவர். அடித்தும் நிற்கவில்லை என்றால் அதைவிட விலை கூடின டானிக். அதுவும் கேட்கவில்லை என்றால் விதை சரியில்லை. விதையும் சரி என்றால், இருக்கவே இருக்கிறது விவசாயியின் தலையெழுத்து.

தலையெழுத்து ஒன்றும் இல்லை. கத்திரிப் பூவைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

உங்கள் வீட்டில் முகப்பவுடர் டப்பா இருக்கிறதல்லவா? மூடியில் சின்னச் சின்னத் துளைகள். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் மட்டும் பவுடர் முழுசாக வராது. குலுக்க வேண்டும். கத்திரிப் பூவின் நடுவில் மஞ்சளாக, கூம்பு மாதிரி நிற்கிறதே, அவை மகரந்தப் பைகள். மற்ற பல பூக்களில் இந்தப் பை நெடுக வெடித்து, மகரந்தம் வெளியே வந்துவிடும். கத்திரியில் பையின் நுனியில் மட்டும்தான் துளை. பூவைக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். தக்காளியும் மிளகாயும் இதே குடும்பம்தான். ஆனாலும் மிளகாயின் பை நெடுக வெடிக்கும். தக்காளிக்கும் கத்திரிக்கும் குலுக்கல் வேண்டும்.

திறந்த வயலில் குலுக்கும் வேலையை இரண்டு பேர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஒன்று காற்று. இன்னொன்று வண்டு. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்குமே, கன்னங்கரேலென்று பெரிதாக, அந்தக் கருவண்டு. வயிற்றில் நீலப் பட்டை போட்ட காட்டுத் தேனீயும் அதே வேலையைச் செய்யும். பூவைக் காலால் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே உடம்பை அதிர வைக்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் கொட்டும். கத்திரிப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கக்கூடியது. ஜோடி தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஒரு உலுக்கு போதும்.

பெட்டியில் வளர்க்கிறோமே, தேன் தரும் தேனீ? அதற்கு இந்த வித்தை தெரியாது. இதிலும் ஒரு வேடிக்கை. அதே 2014 வழிகாட்டியில் 'தேனீ வளர்ப்பு மூலம் மகரந்தச் சேர்க்கைக்கு ஆதரவு' என்று ஒரு தலைப்பு உண்டு. பெட்டிக்கு இவ்வளவு, கூட்டத்துக்கு இவ்வளவு என்று பணமும் உண்டு. நல்ல திட்டம்தான். எத்தனையோ பயிருக்கு அது உதவும். ஆனால், கத்திரிக்கு அந்தப் பெட்டியை மட்டும் நம்பினால், சமையலுக்கு ஆள் கேட்டவருக்கு டிரைவரை அனுப்பின கதைதான்.

இப்போது குடிலுக்கு வாருங்கள். மேலே பிளாஸ்டிக், பக்கத்தில் வலை. காற்று இல்லை. வண்டு இல்லை. பவுடர் டப்பாவைக் குலுக்க ஆளே இல்லை. பூ இரண்டு மூன்று நாள் காத்திருந்துவிட்டு உதிர்ந்துவிடுகிறது. இதற்குப் பெயர் தலையெழுத்தா?

உதிர்வது எல்லாமே இந்தக் காரணத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். கத்திரிச் செடியில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் சூல்தண்டு நீளமாக, மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். சிலவற்றில் பைகளுக்குச் சமமாக நிற்கும். இந்த இரண்டும் காய்க்கும். சிலவற்றில் சூல்தண்டு குட்டையாக உள்ளேயே அமுங்கிக் கிடக்கும். அதை நீங்கள் எவ்வளவு குலுக்கினாலும் காய் பிடிக்காது. செடி வாடினாலும், வெயில் எல்லை மீறினாலும் இந்தக் குட்டைப் பூக்கள் கூடும். புதுக்கோட்டை சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் பிளாஸ்டிக் கூரைக்குள் சூடு இன்னும் ஏறும். 35 டிகிரியைத் தாண்டினாலே கத்திரியில் பிஞ்சு நிற்பது குறையத் தொடங்கிவிடும். ஊட்டிக்கும் ஓசூருக்கும் பொருந்துகிற குடிலை அப்படியே ஆலங்குடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே காய் வேகும். அதுவும் காய்த்தால்தான்.

"அப்ப எதுக்கு சார் கத்திரியைக் குடிலுக்குள்ள வைக்கணும்? வெள்ளரி வைக்கட்டுமே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடிலுக்கென்று இருக்கிற வெள்ளரி ரகங்கள் மகரந்தம் இல்லாமலே காய்ப்பவை. அதனால்தான் விற்பனைக்காரர்கள் அதைக் காட்டியே குடிலை விற்கிறார்கள். ஆனால், அந்த வெள்ளரியை வாங்க பெரிய ஓட்டல் வேண்டும், சூப்பர் மார்க்கெட் வேண்டும். கீரமங்கலத்திலும் கறம்பக்குடியிலும் சாம்பாருக்குப் போடுவது கத்திரிக்காய். அதற்குத்தான் தினமும் சந்தை இருக்கிறது.

கத்திரியை மூடி வளர்க்க அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புழு. தண்டையும் காயையும் துளைக்கிற அந்தப் புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் அதைத் தொடாது. அதனால் உள்ளே போவதற்கு முன்னால் கொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டையில்லாத, பளபளப்பான காயாகப் பொறுக்கி எடுப்பது நாம்தானே!

இந்தப் புழுவைச் சொல்லித்தான் பி.டி. கத்திரிக்காய் வந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அதில் பங்காளி. நம் ஊர் ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றினார்கள். நாடு முழுக்க சண்டை. 2010-ம் வருடம் பிப்ரவரி 9-ம் தேதி அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். பக்கத்தில் வங்கதேசம் 2013-ல் அனுமதி கொடுத்து, 2014-ல் விவசாயிகளிடம் நாற்றைக் கொடுத்தது.

நிறுத்தியது சரியா தப்பா என்ற வாதத்தை இங்கே நான் தொடங்கவில்லை. என் கேள்வி வேறு. வேண்டாம் என்றவர்களும் வேண்டும் என்றவர்களும் மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். புழு போகவில்லை. மருந்தும் போகவில்லை. புழுவைப் போடும் அந்துப்பூச்சியை உள்ளே விடாமல் தடுக்க ஒரு வலை போதும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்துப்பூச்சியைத் தடுக்கிற வலை, வண்டையும் தடுக்கும். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால், மருந்தைப் பெருமளவு குறைத்த கத்திரிக்காய் நமக்குக் கிடைக்கும். அதை அவிழ்க்கும் வேலைக்கு மட்டும் மேடையும் இல்லை, கோஷமும் இல்லை. வலையை ஆதரித்து யார் ஊர்வலம் போவார்கள்?

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில்களில் தக்காளிப் பூவை முதலில் கையால் அதிர வைத்தார்கள். அதிர்வு தரும் சின்ன மின்கருவியை எடுத்துக்கொண்டு ஆட்கள் வரிசை வரிசையாக நடப்பார்கள். 1980-களின் கடைசியில் பம்பிள்பீ என்ற பருத்த, ரோமக்கட்டு தேனீயைப் பெட்டியில் வளர்த்து விற்க ஆரம்பித்தார்கள். வேலை சுலபமானது.

உடனே, "அந்தப் பெட்டியை இறக்குமதி பண்ணலாமே!" என்று ஒருவர் கிளம்புவார். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தேனீ நம் சமவெளியில் கிடையாது. தென் அமெரிக்காவில் சிலி நாடு அதை 1990-களின் கடைசியில் கொண்டுவந்தது. அது குடிலைத் தாண்டி, எல்லையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டது. அது பரவிய இடங்களில் அந்த மண்ணின் பூர்வீகத் தேனீ அருகிப்போனது. ஆஸ்திரேலியா உஷாராக, தன் பெருநிலத்துக்குள் அதை விடவில்லை; தன் ஊர் நீலப் பட்டைத் தேனீயையே வளர்த்துப் பார்த்தது. அந்த வகையின் உறவினர் நம் ஊரிலும் பறக்கிறது. அது தப்பிக்க நாம் என்ன செய்கிறோம்? காய்ந்த மரத்தை வெட்டி எரிக்கிறோம், வேலியை அழிக்கிறோம், பூச்சிமருந்தைக் கொட்டுகிறோம்.

நான் படித்தது பி.காம். அங்கே முதல் வருஷத்திலேயே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சொத்து வேறு, வருமானம் வேறு. பேலன்ஸ் ஷீட்டில் பத்து லட்சத்துக்குக் குடில் நிற்கலாம். லாப நஷ்டக் கணக்கில் ஒரு கிலோ கத்திரிக்காய் இல்லை என்றால் அந்தச் சொத்து, கடன்காரன் கண்ணுக்கு மட்டும்தான் சொத்து. அதுவும் வருஷா வருஷம் தேய்கிற சொத்து. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா வந்தபோது ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவுமே வேரோடு சாய்ந்தன. குழாயும் பிளாஸ்டிக்கும் எம்மாத்திரம்?

அளப்பதற்குச் சுலபமானதை அளந்துவிட்டு, சாதித்துவிட்டோம் என்று அறிக்கை எழுதும் பழக்கம்தான் இங்கே நோய். 'இத்தனை லட்சம் சதுர மீட்டரில் பாதுகாக்கப்பட்ட சாகுபடி' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். எதைப் பாதுகாத்தோம்? பூவை வண்டிடமிருந்து பாதுகாத்திருக்கிறோம்!

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை. செடியை மேலே இழுத்த கம்பியில் கயிறு கட்டி ஏற்றினால், காலையில் பூ விரிந்த பிறகு அந்தக் கம்பியைத் தட்டினாலே வரிசை முழுக்கக் குலுங்கும். தினமும் தட்ட முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். கொஞ்சம் செடிதான் என்றால், பேட்டரியில் ஓடுகிற பல் துலக்கும் பிரஷ்ஷின் முதுகைப் பூக்காம்பில் ஒரு விநாடி வைத்தால் போதும். பூக்கும் பருவம் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் வருகிற மாதிரி நட வேண்டும். பிளாஸ்டிக் கூரைக்குப் பதில் காற்று புகும் வலைக்கூடம் போதுமா என்று பார்க்க வேண்டும். இலை மட்டும் கொழுக்க யூரியாவைக் கொட்டக் கூடாது.

இதையெல்லாம் சொல்லித்தர புதுக்கோட்டையில் இடம் இல்லாமல் இல்லை. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 'வம்பன் உளுந்து' என்றால் வெளி மாநிலத்திலும் தெரியும். குடுமியான்மலையில் வேளாண் கல்லூரியே இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் ஒரு கத்திரி வலைக்கூடம் வருஷம் முழுக்க ஜனங்களுக்குத் திறந்திருக்கட்டும். ஒரு பாதியில் குலுக்குங்கள், மறு பாதியில் குலுக்காமல் விடுங்கள். விவசாயி தன் கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொள்வார். அவருக்கு நோட்டீஸ் தேவையில்லை.

மானியம் கொடுக்கும் துறைக்கு ஒரே ஒரு கோரிக்கை. குடிலை ஆய்வு செய்யும் படிவத்தில் குழாயின் கனம், பிளாஸ்டிக்கின் மைக்ரான், மொத்தப் பரப்பு என்று ஏகப்பட்ட கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள். 'முதல் பருவத்தில் எத்தனை கிலோ?' அந்தக் கட்டம் நிரம்புகிறவரை மானியத்தில் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். விவசாயிக்குரிய தவணையை அல்ல. குடில் போட்டுக் கொடுத்த கம்பெனிக்குப் போக வேண்டிய தவணையை. அப்புறம் பாருங்கள். பூவை எப்படிக் குலுக்குவது என்று அந்தக் கம்பெனிக்காரரே காலையில் ஆறு மணிக்கு வந்து சொல்லிக் கொடுப்பார்.