ஓநாய் மேல் பழி போடாதே!

சாதிக் கொலைச் செய்தி வருகிற அன்றைக்கெல்லாம் எங்கள் வங்கியில் ஒரே வசனம்தான். கூட வேலை பார்க்கிற அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இவனுக மனுசங்களா, மிருகங்கய்யா” என்பார். பிறகு கவுண்டரில் உட்கார்ந்துவிடுவார். எட்டயபுரம் டீக்கடையிலும் இதே பேச்சு. பேப்பர்காரனும் ‘மிருகத்தனமான தாக்குதல்’ என்றே எழுதுகிறான். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் புகுந்து சாதி தப்பித்துப் போகிறது தோழர்களே.

மனுசன் மிருகமாகிற கதை வெள்ளைக்காரனிடம் நிறைய உண்டு. 1941இல் வந்த ‘உல்ஃப் மேன்’ படத்தில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை ஓநாயிடம் கடிபட்டு ஓநாயாகிறான். கொல்கிறான். தெளிந்ததும் துடிக்கிறான். கடைசியில் பெற்ற தகப்பனே வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் அவனை அடித்துக் கொல்கிறார். பார்க்கிற நமக்கு அவன் மேல் இரக்கம்தான் வரும். குற்றம் அவனுடையதல்ல, சாபத்தினுடையது.

நம் பக்கத்துக் கதை வேறு. மலபாரில் ஒடியன் என்பார்கள். இருட்டில் காளையாக, நாயாக உருமாறி ஆளைக் கொல்வானாம். யார் அந்த ஒடியன்? பறையன், பாணன். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் இது ஏறியிருக்கிறது. பகலில் தம்புரான் வந்தால் எட்ட விலகி நிற்க வேண்டியவன், ராத்திரியில் தம்புரானை நடுங்க வைக்கிற மிருகமாம்! பகலில் செய்த கொடுமைக்கு ராத்திரியில் வந்து கணக்குத் தீர்ப்பானோ என்கிற பயம்தான் கொம்பும் வாலும் முளைத்துத் திரிந்திருக்கிறது. 2018இல் மோகன்லால் நடித்து ஒடியன் சினிமாவாகவும் வந்துவிட்டான். அவன் ஏன் சேரிக்காரனாகவே இருந்தான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஆக, மேலே இருப்பவன் மிருகமானால் அது சாபம். கீழே இருப்பவன் மிருகமானால் அது பிறப்பு.

1968 டிசம்பர் 25, வெண்மணி. 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். அன்றைக்குப் பௌர்ணமி இல்லை. எவனுக்கும் நகம் நீளவில்லை. கூலியை உயர்த்திக் கேட்டதற்கும் சங்கத்தில் சேர்ந்ததற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்த தண்டனை அது. உயர்நீதிமன்றம் என்ன சொன்னது? கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று விடுதலை செய்தது. அதாவது, கனவான் ஓநாயாக மாட்டான்!

1995 ஆகஸ்ட் 31, இதே மாவட்டத்தில் கொடியன்குளம். பட்டப்பகல். நூற்றுக்கணக்கில் போலீஸ். பீரோவை உடைத்தார்கள், டி.வி.யை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். மிருகத்துக்குச் சான்றிதழ் எதுவென்று தெரியுமா? அதை அழித்தால் ஒரு தலைமுறை விழும் என்று தெரியுமா? படித்த மனுசனுக்குத்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொண்ட ஓநாய்க் கதை ஒன்று உண்டு. கை எண்டோர் என்ற அமெரிக்க இடதுசாரி 1933இல் எழுதிய ‘பாரிஸின் ஓநாய் மனிதன்’. 1871இல் பாரிஸ் கம்யூன் நடக்கும்போது ஓநாயாக மாறுகிற ஒருவன் ஊருக்குள் திரிகிறான். அவன் கடித்துக் கொன்றது சில பேரை. கம்யூனை ஒடுக்க வந்த அரசுப்படை சுட்டுத் தள்ளியதோ ஆயிரக்கணக்கானவர்களை, சட்டத்தின் பேரால், சீருடையில். எது ஓநாய் என்று நாவல் நம்மையே கேட்க வைக்கிறது.

“ஒரு வார்த்தைக்குப் போய் இவ்வளவா?” என்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். மிருகம் என்று சொன்னால் விசாரணை முடிந்துபோகும். வெறி பிடித்தது, இறங்கியது, அவ்வளவுதான் என்றாகும். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கூட்டம் போட்டது எந்த வீட்டில் என்ற கேள்வியெல்லாம் செத்துப்போகும். 1989ஆம் ஆண்டுச் சட்டம்கூட மிருகத்தனம் என்று சொல்லவில்லை. வன்கொடுமை என்கிறது. மனுசன் மனுசனுக்குச் செய்கிற காரியம்.

கவிதை எழுதுகிற தம்பிகளே, தங்கச்சிகளே, ஓநாயைக் காட்டுக்கே அனுப்பிவிடுங்கள். பாவம், அதற்குச் சாதி தெரியாது. கொன்றவனை மனுசன் என்றே எழுதுங்கள். மனுசனைத்தான் கூண்டில் ஏற்ற முடியும்.